கெடு தேதிக்குள் ஒரு கிராஃபிக் நாவல்

கிராஃபிக் நாவலுக்குக் கெடு என்பது கோப்புகள் அச்சகத்தைச் சேர வேண்டிய நாள். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. அதற்குள் நூல் கைக்கு வர டிசம்பரில் அச்சேற வேண்டும். சிவகாசி அச்சகங்கள் காலண்டர், டைரி வேலையில் மூழ்கிக் கிடக்கும் பருவம் அது. ஆகவே தருமபுரியில் இருந்து வரைபவர், அச்சகத்தில் இடம் உறுதியான நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வேலையைப் பிரிக்க வேண்டும்.

முதலில் உறுதியாக வேண்டியது பக்க எண்ணிக்கை. ஆஃப்செட் அச்சில் பக்கங்கள் பெரும்பாலும் 16 கொண்ட ஃபாரங்களாக ஏறும்; 96 பக்க நூல் 6 ஃபாரம். கதை 99 பக்கத்துக்கு நீண்டால் மூன்று பக்கத்தைக் குறைப்பதே நல்லது. விரலளவுக் கிறுக்கல்களாக முழு நூலையும் போட்டுப் பார்க்கும் நிலையில் இது சிறிய வேலை. மை போட்ட பின் அதே வெட்டு பல நாள் உழைப்பை வீணாக்கும்.

ஆதாரம் தேடும் வேலையும் இந்த நிலையிலேயே முடிந்துவிட வேண்டும். சங்க கால மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியின் கதையை வரைபவருக்குத் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தின் நடுகற்கள் வாளையும் வில்லையும் வீரன் நிற்கும் நிலையையும் காட்டும். ஆனால் இவ்வட்டாரத்து எழுத்துடை நடுகற்களில் பல பல்லவர் காலத்தவை. சங்க காலத்துக்குப் பிந்தியவை. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் ஓவியங்கள் அவற்றுக்கும் பிந்தியவை. எதை எடுத்தாள்வது, எதை விடுவது என்பதை முன்பே தீர்மானிக்காதவர் பாதி நூலில் உடையையும் அணியையும் திருத்த நேரும்.

அடுத்து, பக்கம் பக்கமாக முடிப்பதைவிட நிலை நிலையாக முடிப்பது வேகம் தரும்: முழு நூலுக்கும் பென்சில், பிறகு எழுத்து, பிறகு மை, கடைசியில் வண்ணம். எழுத்து மைக்கு முன் வருவதற்குக் காரணம் உண்டு. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. பலூனுக்கு இடம் ஒதுக்காமல் வரைந்தால் முகம் மறையும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். முதல் பக்கத்திலேயே இதைச் சோதித்துவிட வேண்டும். உச்சக்கட்டப் பக்கங்களுக்கு மை போடுவதை இறுதி வாரத்துக்குத் தள்ளக் கூடாது, கை ஓய்ந்திருக்கும்.

நாள் போதாதென்று தெரிந்தால் குறைக்கத்தக்கவை சில உண்டு. காட்சியின் முதல் கட்டத்தில் இடத்தை விரிவாகக் காட்டிவிட்டு மற்றக் கட்டங்களில் பின்னணியை விட்டுவிடலாம். பல வண்ணத்துக்குப் பதில் கறுப்பு வெள்ளையோடு நிறுத்தலாம். கறுப்பு நிரப்புதல், தட்டை வண்ணம் இடுதல் ஆகியவற்றை உதவியாளரிடம் கொடுக்கலாம். முகபாவத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. இந்தக் குறைப்புகளும் போதாவிட்டால் நூலைப் பிரிக்கலாம். ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ 1980 முதல் ‘ரா’ இதழில் அத்தியாயங்களாக வந்தது; முதல் தொகுதி 1986இலும் இரண்டாவது 1991இலும் நூலாயின. அத்தியாயத்தைத் தனி அலகாக அமைத்தவருக்கே அந்த வாய்ப்பு கிடைக்கும்.

கடைசி இரண்டு நாள் வரைவதற்கு உரியவை அல்ல. வண்ணப் பக்கங்கள் சிஎம்ஒய்கே முறையில் 300 டிபிஐ, கோட்டோவியம் 600 அல்லது அதற்கு மேல், வெட்டுக்கு நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதல் இடம், எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் எனச் சரிபார்க்க வேண்டும். பிறகு முழு நூலையும் உண்மை அளவில் அச்செடுத்து, கதையை முன்பு படிக்காத ஒருவரிடம் தர வேண்டும். கட்டங்களின் வரிசையில் அவர் தடுமாறும் இடமும் பலூனில் அவர் காணும் எழுத்துப்பிழையும் திருத்தப்பட்ட பிறகே கோப்புகள் அச்சகத்துக்குச் செல்ல வேண்டும்.