மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை: அறிந்திருக்க வேண்டியவை

கிராம அபிவிருத்தி என்றவுடன் சாலை, குடிநீர்க் கிணறு, பள்ளிக் கட்டிடம், தெருவிளக்கு ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், இவற்றை அனுபவிக்க வேண்டிய மக்களின் உடல் நலிவுற்றிருக்குமாயின் அபிவிருத்தியின் பயன் பாதியாகிவிடும். நாற்று நடுவதும், களை பறிப்பதும், தண்ணீர் சுமப்பதும் பெரும்பாலும் பெண்மக்களின் உழைப்பாலேயே நடைபெறுகின்றன. அவர்களுக்கு வரும் நோய்களுள் சில, வெட்கத்தின் காரணமாக வெளியில் சொல்லப்படாமலே இருந்துவிடுகின்றன. அளவுக்கு மிஞ்சிப் பருத்த மார்பகங்களால் உண்டாகும் துன்பம் அவற்றுள் ஒன்று. அதற்குரிய அறுவை சிகிச்சையைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் படிக்கும் ஏட்டில் இப்பொருளை எழுதலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். முதுகுவலியால் ஒரு பெண் வயலில் குனிய இயலாமற் போனால் அது அவள் ஒருத்தியின் துன்பத்தோடு நிற்பதில்லை. குடும்பத்தின் கூலியும் குறைகிறது. அதற்குப் பரிகாரம் உண்டு என்பதை அறியாமலே பலர் காலங் கழிக்கின்றனர். பரிகாரம் உண்டு என்று மட்டும் கேள்வியுற்று, அதன் நிறைகுறைகளை அறியாமல் விரைந்து செய்துகொள்வதும் தவறாகும். ஆகவே இரண்டையும் அறிந்திருத்தல் நலம்.

நோயா, இயல்பா?

மார்பகம் பால் சுரப்பிகளாலும், கொழுப்பினாலும், இவற்றைத் தாங்கும் நார்களாலும் ஆனது. அதன் அளவு பெண்ணுக்குப் பெண் வேறுபடும். பருமனாக இருப்பது மட்டுமே நோயாகாது. அதன் பாரம் உடலை வருத்தத் தொடங்கும்பொழுதே வைத்தியம் தேவைப்படுகிறது. காவடித் தண்டின் முன்புறத்தில் மட்டும் பாரத்தைக் கட்டித் தூக்கினால் தோளும் முதுகும் என்ன பாடுபடும் என்பதை உழவர் பெருமக்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. அதுபோலவே, முன்புறம் இழுக்கும் பாரத்தை ஈடுசெய்ய முதுகுத் தசைகள் ஓயாது உழைக்க வேண்டியிருக்கிறது.

இதனால் கழுத்து, தோள், முதுகு ஆகிய இடங்களில் நீங்காத வலி உண்டாகும். உள்பாடியின் பட்டை அழுந்துவதால் தோளில் பள்ளம் விழும். சிலருக்குக் கைவிரல்கள் மரத்துப்போகும். மார்பின் அடிமடிப்பில் வியர்வை தேங்கி, அரிப்பும் புண்ணும் ஏற்பட்டு, கோடையில் மிகுந்து துன்புறுத்தும். இத்தகைய பருமன் சிலருக்குப் பரம்பரையாக வருகிறது; சிலருக்கு உடற்பருமனாலும், சிலருக்குக் கருவுற்ற பின்னரும் உண்டாகிறது. பருவமடைந்த சில மாதங்களிலேயே மிக வேகமாக வளர்ந்துவிடுவதும் சிலரிடம் காணப்படுகிறது. இது எவருடைய நடத்தையாலும் வருவதன்று. பள்ளி செல்லும் பெண்ணை இதன்பொருட்டு ஏளனம் செய்வதும், அவள் வெட்கி வீட்டோடு முடங்குவதும் நீங்க வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். ஒரு பக்கம் மட்டும் திடீரெனப் பெருத்தல், கையில் தட்டுப்படும் கட்டி, தோல் சுருங்கிக் குழிவிழுதல், காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தமோ நீரோ கசிதல் ஆகிய குறிகள் தோன்றினால், குறைப்பு அறுவையைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கலாகாது. அவை புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். வலி இல்லை என்று வாளாவிருத்தல் கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியவை

அறுவை என்பது முதற்படியன்று. உடல் எடை மிகுந்தவர்கள் எடையைக் குறைத்தால் மார்பகத்தின் பாரமும் ஓரளவு குறையலாம். அகன்ற பட்டையுடன் அளவறிந்து தைத்த உள்பாடி தோளின் மீது விழும் பாரத்தைப் பரவச் செய்யும். முதுகுத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் பயன் தரும். மடிப்பில் உள்ள புண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து கிடைக்கும். இவ்வளவும் செய்து பார்த்தும் துன்பம் நீங்காதவர்களுக்கே அறுவை உரியது.

விளம்பரங்களில் காணும் தைலங்களாலும் மாத்திரைகளாலும் பருத்த மார்பகம் குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அவற்றிற்குச் செலவிடும் பணம் வீண்.

அறுவையில் நடப்பது என்ன?

முழு மயக்கம் கொடுத்துச் செய்யப்படும் இவ்வறுவைக்கு ஏறத்தாழ 2 முதல் 4 மணி நேரம் ஆகும். பொதுவாகக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரமாகவும், அங்கிருந்து நேர் கீழாகவும், பின்னர் அடிமடிப்பின் நீளத்திலும் கீறல் இடுவார்கள். தழும்பு நங்கூரத்தின் வடிவில் அமையும். மிகுதியான சுரப்பியையும் கொழுப்பையும் தோலையும் நீக்கிவிட்டு, எஞ்சியதை ஒழுங்குபடுத்தித் தைப்பார்கள். காம்பை அதற்கு இரத்தம் கொண்டுவரும் சதையோடு சேர்த்தே மேலே நகர்த்தி வைப்பார்கள். நீக்கிய சதையைச் சோதனைக்கு அனுப்பி, அதில் நோய் ஏதும் உண்டா என்று பார்ப்பதும் வழக்கம்.

மார்பகம் மிகமிகப் பெரியதாக இருப்பின், காம்பை முற்றிலும் எடுத்துப் புதிய இடத்தில் ஒட்டவைக்க நேரிடும். அவ்வாறு செய்தால் காம்பில் உணர்ச்சி இராது, பாலூட்டவும் இயலாது. எந்த முறையைக் கையாளப் போகிறார்கள் என்பதை முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

எப்பொழுது செய்துகொள்வது?

இக்கேள்வியே எல்லாவற்றினும் முக்கியமானது. முற்றாத கதிரை அறுப்பார் இல்லை. அதுபோல வளர்ச்சி முற்றுப்பெறாத வயதில் இவ்வறுவையைச் செய்துகொண்டால், பின்னர் மீண்டும் வளர்ந்து இரண்டாம் முறை அறுவை வேண்டிவரலாம். ஆகவே 18 வயது வரையேனும் காத்திருந்து, அளவு நிலைத்துவிட்டதா என்று பார்ப்பது பொதுவான வழக்கம். துன்பம் பொறுக்க முடியாததாயின் மருத்துவர் முன்னதாகவும் செய்யலாம்.

குழந்தை பெற விரும்பும் பெண்கள் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்வறுவைக்குப் பின் சிலர் முழுமையாகப் பாலூட்டுகின்றனர். சிலருக்குப் பால் குறைகிறது. சிலருக்கு இயலாமலே போகிறது. எவருக்கு எவ்வாறு அமையும் என்று முன்கூட்டி உறுதி கூற எந்த மருத்துவராலும் ஆகாது. மேலும், கருவுற்றால் மார்பகம் மீண்டும் பெருக்கக்கூடும். ஆதலின் குழந்தைப் பேறு முடிந்த பின்னர்ச் செய்துகொள்வது உத்தமம். பால் கொடுத்து முடித்தவர்கள் ஆறு மாதமாவது கழித்தே செய்துகொள்ள வேண்டும். திருமணத்திற்கு முன் வைத்தியத்தை முடித்துவிட வேண்டும் என்று பெற்றோர் அவசரப்படுத்துவது பொருந்தாது.

முன் ஆயத்தம்

1. புகையிலையை அறவே விட்டுவிட வேண்டும். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் வழக்கமுள்ள தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகையிலையிலுள்ள நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அதனால் தைத்த தோலும் காம்பும் இரத்தமின்றி அழுகிப்போக இடமுண்டு. அறுவைக்கு முன்பும் பின்பும் நான்கு வாரங்களாவது தொடலாகாது.

2. சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இரத்தசோகை இருப்பின் அதை முதலில் நீக்க வேண்டும்.

3. உண்டுவரும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்து உட்பட, மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆஸ்பிரின் போன்றவை இரத்தப்போக்கை மிகுவிக்கும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும்.

4. 40 வயது கடந்தவர்கள் மார்பக எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நன்மையும் தீமையும்

செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் தோள்வலியும் முதுகுவலியும் தணிந்து, நிமிர்ந்து நடமாடுகின்றனர். மடிப்புப் புண் நீங்குகிறது. இவ்வறுவையால் புற்றுநோய் உண்டாகும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை. ஆயினும் பிற்காலத்துப் பரிசோதனைகளை விட்டுவிடலாகாது.

தீமைகளையும் மறைப்பதற்கில்லை. தழும்பு என்றும் மறையாது, ஓராண்டில் மங்கும். சிலருக்கு அது தடித்துப் புடைக்கும். இரத்தக்கட்டு, சீழ்பிடித்தல், தையல்கள் சந்திக்கும் இடத்தில் புண் ஆறத் தாமதித்தல், இரு பக்கமும் சிறிது ஏற்றத்தாழ்வாக அமைதல், காம்பில் உணர்ச்சி குறைதல் ஆகியவை நேரலாம். காம்பு அழிந்துபோவதும், காலில் இரத்தம் உறைவதும் அரிது, ஆனால் நேரக்கூடியவையே. காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் விரைந்து வீங்குதல், காம்பு கருத்தல், கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 108 வண்டியை அழைக்கத் தயங்கலாகாது.

ஓய்வுக் காலம்

மருத்துவமனையில் ஓரிரு நாட்கள் தங்க வேண்டியிருக்கும். இலேசான வீட்டுவேலைகளுக்கு இரண்டு வாரங்களேனும் செல்லும். ஆறு வாரம் வரை குடம் தூக்குதல், விறகு சுமத்தல், தலைச்சுமை எடுத்தல், மண்வெட்டி பிடித்தல் ஆகியவை கூடா. மருத்துவர் கூறும் இறுக்கமான உள்பாடியை அக்காலம் முழுவதும் அணிந்திருத்தல் வேண்டும். சேற்றில் இறங்கும் நடவு வேலையை, புண் நன்கு ஆறிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை ஒத்திவைக்க வேண்டும். ஆகவே நடவும் அறுவடையும் இல்லாத காலத்தைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. அந்த ஆறு வாரமும் வீட்டில் தண்ணீர் எடுப்பவர் யார், மாட்டைக் கவனிப்பவர் யார் என்பதை அறுவைக்கு நாள் குறிக்கும் முன்னரே குடும்பத்தார் பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எங்கே செல்வது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைக் காண வேண்டும். அவர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஒட்டுறுப்பு அறுவைப் பிரிவுக்கு அனுப்பிவைப்பார். மக்கள் பேச்சில் இது பிளாஸ்டிக் சர்ஜரி எனப்படும். 2018-ஆம் ஆண்டு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு அறுவைக்கென இலவசப் பிரிவு தொடங்கப்பட்டது. அழகுக்கான வைத்தியத்திற்கு அரசுப் பணத்தைச் செலவிடலாமா என்ற கேள்வி அப்பொழுது எழுந்தது. பாரத்தால் வருந்துவோர் நாடுவது அழகையன்று, வலியின் நீக்கத்தையே என்பதை நாம் உணர வேண்டும். வசதி படைத்தோர் பணம் கொடுத்துப் பெறும் நிவாரணம் ஏழைப் பெண்ணுக்கும் கிட்டுவது நியாயமே அன்றோ? தனியார் மருத்துவமனையை நாடுவோர், காப்பீட்டுத் திட்டத்தில் இவ்வறுவைக்கு இடமுண்டா என்பதைக் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

முடிவு யாருடையது?

18 வயது நிரம்பிய பெண்ணின் உடலில் அறுவை செய்ய அவளுடைய சம்மதமே வேண்டும். 2008-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்குத் தாயின் சம்மதத்தை மட்டும் பெற்று, அவசரமின்றிப் பெரிய அறுவை செய்தது செல்லாது என்று அத்தீர்ப்புக் கூறியது. குடும்பத்தார் ஆலோசனை சொல்லலாம், துணை நிற்கலாம், கட்டாயப்படுத்தவோ தடுக்கவோ ஆகாது. கையெழுத்திடும் முன், தாளில் உள்ளதைத் தமிழில் படித்துச் சொல்லுமாறு கேட்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு.

ஊராட்சியின் கடமை

நாம் மருத்துவர் அல்லோம். எவருக்கு அறுவை வேண்டும், எவருக்கு வேண்டாம் என்று சொல்ல ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்கும் அதிகாரமில்லை. ஆனால் வழியைத் திறந்துவைக்க நம்மால் இயலும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. பெண் உறுப்பினர்களும் கிராம சுகாதாரச் செவிலியரும் மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் இதைப் பொதுவாக எடுத்துரைக்கலாம். குறிப்பிட்ட ஒருவரின் பெயரைக் கிராம சபையிலோ வேறிடத்திலோ பேசுதல் பெருந்தவறு. வலியைச் சொல்லும் பெண்ணுக்கு, எந்த நாளில் எந்த மருத்துவரைக் காணலாம் என்று கூறி, துணைக்கு ஒருவரை அனுப்பிவைத்தால் போதும். அறுவைக்குப் பின் ஊர் திரும்பியவருக்குப் பாரமான வேலை கொடாமல் பார்த்துக்கொள்வதும் கண்காணிகளின் பொறுப்பாகும்.

வலியைப் பொறுத்துக்கொள்வதே பெண்மைக்கு அழகு என்ற எண்ணம் இன்னும் நம் ஊர்களில் நிலவுகிறது. அது மாறினால், வருந்துவோர் வாய்திறந்து சொல்வர். தக்க வைத்தியரிடம் செல்வர். நன்மை தீமைகளை எடைபோட்டுத் தாமே முடிவு செய்வர். அந்த மாறுதலை உண்டாக்குவதும் கிராம அபிவிருத்தியின் ஒரு பகுதியே ஆகும்.