கூகுளில் கடை தெரிய மாதாமாதம் சல்லி கட்ட வேண்டுமா?



நமது தோட்டங்களில் கொஞ்சக் காலமாக ஒரு புதுத் தொழில் தலைகாட்டி வருகிறது. கார்மெண்ட்ஸ் வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள் உடுப்புத் தைத்து விற்கிறார்கள். சில தம்பிமார் தேயிலைத் தூள், மிளகு, கராம்பு, ஏலம் என்று பக்கெட் போட்டு விற்கிறார்கள். லயத்துக் காம்பராவில் இருந்துகொண்டு கையில் இருக்கும் போன் மூலமாகவே கொழும்பு, மட்டக்களப்பு வரை சாமான் அனுப்புகிறார்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் எங்கே நாலு காசு புழங்குகிறதோ, அங்கே அதைக் கேட்டு வருகிறவர்களும் இருப்பார்கள். இந்தப் பாடம் அதைப் பற்றியது. கடை நடத்தும் பிள்ளைகள் மட்டுமல்ல, அவர்களின் அம்மா அப்பாவும் இதைப் படிக்க வேண்டும். ஏனென்றால் அநேகமாக அந்தச் சல்லி உங்கள் பெட்டியில் இருந்துதான் போகப் போகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தங்கச்சி என்னைத் தேடி ஒப்பீசுக்கு வந்தார்.

"சேர், சங்கத்துல கடன் எடுக்க ஏலுமா? இல்லாட்டி அம்மாவோட சங்கிலியத்தான் அடகு வைக்கணும்" என்றார்.

"என்ன அவசரம் பிள்ளை?" என்று கேட்டேன்.

"கடைக்கு ஒரு சொப்ட்வெயார் வாங்கணும் சேர். அது இருந்தா நம்ம கடை கூகுள்ல மொதல்ல வருமாம். போன்ல பேசினவங்க சொன்னாங்க."

இவர் ஒரு ஜூக்கி மெசின் வைத்து ஹவுஸ்கோட்டும் பெண்பிள்ளைகளின் சட்டையும் தைக்கிறவர். உறவுக்காரத் தம்பி ஒருவர் இவருக்கு ஒரு இணையத்தளம் செய்து கொடுத்திருந்தார். அதில் 18 வகை உடுப்பு இருந்தது. கம்பியூட்டர் படித்த அந்தத் தம்பியையும் கூப்பிட்டு, மூன்று பேருமாக உட்கார்ந்து விஷயத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அன்று நாங்கள் படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. இந்த மென்பொருள் என்ன செய்யும்?

கூகுளில் ஒருவர் ஒரு சொல்லைப் போட்டுத் தேடும்போது நமது பக்கம் முன்னுக்கு வருவதற்காகச் செய்யும் வேலைக்கு எஸ்.இ.ஓ. என்று சொல்வார்கள். அந்த வேலைக்கு உதவியாக விற்கப்படுவதுதான் இந்த மென்பொருள். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள், நமது பக்கம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது, போட்டிக் கடைக்காரர் என்ன செய்கிறார், நமது தளத்தில் எங்கே பிழை இருக்கிறது என்று அது காட்டும்.

காட்டும், அவ்வளவுதான். பிழையைத் திருத்துவதும், நல்ல படம் எடுத்துப் போடுவதும், சாமானைப் பற்றி நாலு வரி எழுதுவதும் நாம் செய்ய வேண்டிய வேலை. கொழுந்து மடுவத்தில் தராசு இருக்கிறது. அது நிறையைச் சரியாகக் காட்டும். ஆனால் தராசு மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்காது. புதுத் தராசு வாங்கினால் கூடையில் கொழுந்து கூடவும் மாட்டாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணத் தேடல் வரிசையில் முன்னுக்குப் போட கூகுள் யாரிடமும் காசு வாங்குவதில்லை. காசு கொடுத்துப் போடுவது விளம்பரம். அது விளம்பரம் என்று குறித்துத் தனியாகத்தான் வரும். ஆகவே "முதலாம் இடம் நிச்சயம்" என்று யாராவது சொன்னால், அவர் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்கிறார் என்று அர்த்தம். அப்படி யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது.

2. எவ்வளவு செலவு?

வெளிநாட்டுக் கம்பனிகளின் பெயர்பெற்ற மென்பொருள்கள், செம்ரஷ், ஏஹ்ரெப்ஸ் போன்றவை, வழக்கமான திட்டத்துக்கு மாதம் 100 டொலருக்கு மேல் கேட்கின்றன. ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் 30,000 ரூபா. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் கணக்குப் பார்த்தால், அம்மா 22 நாளுக்கு மேல் மலைக்குப் போய்ப் பேர் போட வேண்டும். அதுவும் ஒரு மாதத்துக்குத்தான். அடுத்த மாதம் திரும்பவும் கட்ட வேண்டும்.

"ஏழு நாள் இலவசம்" என்று சொல்லி வங்கி அட்டை நம்பரைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். நாள் முடிவதற்குள் நிறுத்தாவிட்டால் காசு தானாகவே வெட்டுப்படும். அட்டை நம்பரைக் கொடுக்குமுன் நிறுத்துவது எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. நமது கணக்கு என்ன சொல்கிறது?

தங்கச்சியின் கொப்பியை எடுத்துப் பார்த்தோம். துணி, நூல், கூரியர் எல்லாம் போக ஒரு உடுப்பில் கையில் நிற்பது சுமார் 400 ரூபா. மாதம் 40 உடுப்பு விற்கிறார். மென்பொருளுக்குக் கட்டும் 30,000 ரூபாவை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், புதிதாக 75 உடுப்பு விற்க வேண்டும். அதற்கு மேல் விற்பதுதான் லாபம்.

சரி, விற்பனை கூடுகிறது என்றே வைப்போம். ஒரு மெசினில், ஒரு ஆளாக, மாதம் எத்தனை தைக்கலாம் என்று கேட்டேன். "ராத்திரி பகலா தச்சாலும் 60தான் சேர்" என்றார். அப்படியானால் இப்போது விற்கும் 40 போக மிச்சம் 20தான். 20 உடுப்புக்கு 400 ரூபாப்படி 8,000 ரூபா. அந்த மென்பொருள் சொன்னபடியே வேலை செய்தாலும் இவருக்கு அதிகமாகக் கொண்டு வரக்கூடியது 8,000 ரூபா. அதற்குக் கட்டுவது 30,000 ரூபா. தங்கச்சி கொப்பியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

உங்கள் கடைக்கும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும். மாதக் கட்டணத்தை ஒரு சாமானின் லாபத்தால் பிரியுங்கள். வரும் எண்ணிக்கை அளவுக்கு மேலதிகமாக உங்களால் செய்து கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் யோசிக்கவே தேவையில்லை.

4. காசு கட்டாமல் முதலில் செய்ய வேண்டியவை

(அ) கடை கூகுளின் பதிவில் இருக்கிறதா? தேடும் இடத்தில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, முக்காற்புள்ளி (:) போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தளத்தின் முகவரியைப் போடுங்கள். கூகுளுக்குத் தெரிந்த உங்கள் பக்கங்கள் வரும். நாங்கள் போட்டுப் பார்த்தபோது ஒரு பக்கம்கூட வரவில்லை!

காரணத்தைத் தேடினோம். அந்தத் தளம் வேர்ட்பிரஸில் செய்தது. அதன் அமைப்புகளில் 'வாசிப்பு' என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பதிய வேண்டாம் என்று சொல்லும் சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறது. தளத்தைச் செய்துகொண்டிருக்கும்போது அரைகுறை வேலை வெளியே தெரியக் கூடாது என்று தம்பி அதில் சரி அடையாளம் போட்டிருக்கிறார். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார். கடைக் கதவைப் பூட்டி வைத்துக்கொண்டு ஆள் வரவில்லை என்று கவலைப்பட்ட கதைதான். அடையாளத்தை எடுக்க ஒரு நிமிஷம் போனது. இதற்குத்தான் சங்கிலி அடகுக்குப் போக இருந்தது.

(ஆ) கூகுள் சேர்ச் கொன்சோல் என்ற வசதியில் தளத்தைச் சேருங்கள். இது இலவசம். என்ன சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று 16 மாதம் வரையிலான கணக்கைக் காட்டும். சின்னக் கடைக்கு இந்தத் தராசு தாராளமாகப் போதும்.

(இ) ஆட்கள் என்ன சொல்லிக் கேட்கிறார்கள்? ஒருவர் ஹவுஸ்கோட் என்பார், ஒருவர் நைட்டி என்பார், இன்னொருவர் வீட்டுக் கவுன் என்பார். தமிழில் தேடுபவர் உண்டு, சிங்களத்தில் தேடுபவர் உண்டு, ஆங்கில எழுத்தில் அடிப்பவரும் உண்டு. கூகுளில் சொல்லின் பாதியை அடித்தாலே மற்றவர்கள் தேடும் சொற்கள் கீழே வரிசையாக வரும். அதைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கேட்கும் வார்த்தைகளையும் எழுதுங்கள்.

(ஈ) பக்கத்தின் தலைப்பைச் சரி செய்யுங்கள். இவரது பக்கங்களில் "புதியது 1", "புதியது 2" என்று தலைப்பு இருந்தது. அப்படி யார் தேடுவார்கள்? என்ன உடுப்பு, என்ன துணி, என்ன அளவு, என்ன விலை என்று நாலு வரி எழுதினோம். படங்களுக்கும் விளக்கம் போட்டோம். ஒரே சொல்லை இருபது தரம் திணிக்க வேண்டாம். அப்படிச் செய்தால் கூகுள் பிழையாகத்தான் எடுக்கும்.

(உ) போனில் பக்கம் திறக்க எவ்வளவு நேரம் போகிறது என்று பாருங்கள். நமது மலைப்பக்கத்தில் சிக்னல் நிலைமை உங்களுக்குத் தெரியும். பெரிய பெரிய படங்களைச் சிறிதாக்கிப் போட்டால் சீக்கிரம் திறக்கும்.

(ஊ) ஆட்கள் நேரில் வந்து அளவு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், கூகுள் வரைபடத்தில் கடையை இலவசமாகப் பதியலாம். கூரியரில் மட்டும் அனுப்பும் கடைக்கு அந்தப் பதிவு கிடைக்காது.

18 பக்கத்தையும் கையாலேயே திருத்த எங்களுக்கு இரண்டு பின்னேரம் போனது. பக்கங்கள் கூடினாலும், ஸ்கிரீமிங் புரொக் என்ற மென்பொருள் 500 முகவரி வரை இலவசமாகச் சோதித்துப் பிழைகளைக் காட்டும்.

5. அப்படியென்றால் யாருக்குத்தான் தேவை?

எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பல நூறு சாமான் விற்கும் கடைக்கு ஒவ்வொரு பக்கமாகக் கையால் பார்க்க முடியாது. அதே சாமானை விற்கும் போட்டிக்காரர் பலர் இருந்தால் அவர்கள் எந்தச் சொல்லில் முன்னுக்கு நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ஆக, கீழே உள்ள நாலுக்கும் "ஆம்" என்றால் மட்டும் யோசியுங்கள்.

- நமது சாமானை ஆட்கள் உண்மையிலேயே கூகுளில் தேடுகிறார்களா?
- இலவசமாகச் செய்யக்கூடியது எல்லாம் செய்து முடிந்ததா?
- அது காட்டும் பிழைகளைத் திருத்த, எழுத, கிழமைக்குச் சில மணித்தியாலம் ஒதுக்க ஆள் இருக்கிறதா?
- கூடுதலாக வரும் லாபம் கட்டணத்துக்கு மேல் நிற்குமா?

முதல் கேள்வி முக்கியம். தங்கச்சியின் 40 உடுப்பில் அநேகமாக எல்லாமே பேஸ்புக்கில் படம் பார்த்து, வட்ஸ்அப்பில் பேசி எடுத்தவை. வாங்கியவர் இன்னொருவருக்குச் சொல்ல, அவரும் வாங்குகிறார். அப்படி வியாபாரம் நடக்கும் கடைக்குக் கூகுள் இரண்டாவது வாசல்தான். முதல் வாசலைக் கவனிக்காமல் இரண்டாவதுக்குக் கடன் படக் கூடாது.

6. பொறுமை வேண்டும்

திருத்தியவுடன் மறுநாளே மாற்றம் தெரியும் என்று இருக்காதீர்கள். சில மாற்றத்துக்குச் சில நாள், சிலதுக்குச் சில மாதம்கூட எடுக்கும். இடையில் வேறொருவர் வந்து "ஆயிரம் இணைப்பு விற்கிறேன், உடனே மேலே போகலாம்" என்பார். தேடலில் முன்னுக்கு வருவதற்காக இணைப்பு வாங்குவது கூகுளின் விதிக்கு மாறானது. கண்டுபிடித்தால் கடை பின்னுக்குப் போகும், சில வேளை பதிவில் இருந்தே போய்விடும்.

தங்கச்சியின் கடைப் பக்கங்கள் சில கிழமையில் கூகுளில் வரத் தொடங்கின. அதைப் பார்த்து மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் விசாரிக்கிறார்கள். பெரிய தொகை இல்லைதான், ஆனால் அதற்கு ஒரு சதமும் செலவில்லை. அம்மாவின் சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது. இப்போது சீட்டுக் காசு சேர்த்து இரண்டாவது மெசின் வாங்கப் பார்க்கிறார். அது சரியான யோசனை. தைக்கக் கை கூடிய பிறகுதான் ஆளைக் கூப்பிட வேண்டும்.

வீட்டில் இருந்து யோசிக்க:

1. உங்கள் கடையில் ஒரு சாமானுக்குக் கையில் நிற்கும் லாபம் எவ்வளவு? இன்றே எழுதிப் பாருங்கள்.
2. கடைசியாக வாங்கிய பத்துப் பேர் எந்த வழியாக வந்தார்கள்?
3. கடை கூகுளின் பதிவில் இருக்கிறதா? மேலே சொன்னபடி போட்டுப் பாருங்கள்.
4. விற்பனை இரண்டு மடங்கானால் உங்களால் செய்து கொடுக்க முடியுமா?

விடையைக் கொப்பியில் எழுதிக்கொண்டு உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வோம், தெரியாததைச் சேர்ந்து தேடிப் பார்ப்போம். ஆனால் எதிலும் கையெழுத்துப் போடுமுன், அட்டை நம்பர் கொடுக்குமுன், நகையைக் கழற்றுமுன் வாருங்கள். பிறகு வந்தால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.