போட்டோவின் மூலை இருட்டைச் சரிசெய்ய...

"படத்தின் நடுப்பகுதி பளிச்சென்று இருக்கிறது. நான்கு மூலைகளும் மங்கித் தெரிகிறதே?" புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பலரும் கேட்பது இது. கேமராவில் பழுது எதுவும் இல்லை. லென்ஸ் வழியே சாய்வாக வரும் ஒளி ஓரங்களில் குறைவாகவே விழும். எளிய லென்சில் 30 டிகிரி சாய்வில் வரும் ஒளி, நடுவில் விழுவதில் சுமார் 56 சதவீதம்தான். இதற்கு விக்னெட்டிங் என்று பெயர்.

கல்யாண போட்டோவில் இது அழகாகக்கூட இருக்கும். தர்மபுரி மாவட்டத்து நடுகற்களைப் படம் எடுக்கும் எனக்கு ஆகாது. வீரனின் உருவம் கல்லின் நடுவில் இருக்கும். வட்டெழுத்து வரிகளோ பெரும்பாலும் மேல் விளிம்பில், சரியாக இருட்டு விழும் இடத்தில். வெயிலிலும் மழையிலும் கல் தேய்ந்துகொண்டே போகிறது. நாளை படத்தை மட்டும் வைத்துப் படிப்பவருக்கு ஓர் எழுத்து போனாலும் பொருள் மாறிவிடும்.

படம் எடுக்கும்போதே அபர்ச்சரை எஃப் 8 அளவில் வையுங்கள்; இருட்டு பெருமளவு குறையும். பார்மட் 'ரா' ஆக இருக்கட்டும். ஜேபெக் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 நிலைகளே உண்டு. 14 பிட் ரா பைலில் 16,384. மூலையை வெளுக்க வைக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இனி 'ராதெரபி' புரோகிராம். 2010 முதல் ஓப்பன் சோர்ஸாகக் கிடைக்கிறது, இலவசம். படத்தை டபுள் கிளிக் செய்து திறந்து, வலப்புறம் டிரான்ஸ்பார்ம் டேபில் 'புரொபைல்டு லென்ஸ் கரெக்‌ஷன்' பகுதிக்குச் செல்லுங்கள். 'ஆட்டோமேட்டிக்கலி செலக்டட்' தேர்ந்தெடுத்து, விக்னெட்டிங் கட்டத்தில் டிக் செய்யுங்கள். உங்கள் லென்சின் விவரம் அதில் இல்லையென்றால் 'விக்னெட்டிங் கரெக்‌ஷன்' பகுதியில் அமவுன்ட், ரேடியஸ் ஸ்லைடர்களை நகர்த்திப் பாருங்கள்.

ஆனால் ஒன்று. தேய்ந்த எழுத்து தெரிய வேண்டும் என்று பக்கவாட்டு ஒளியில்தான் நடுகல்லைப் படம் எடுப்போம். ஒரு பக்கம் மட்டும் இருண்டிருந்தால் அது நிழல், லென்ஸ் அல்ல. அதையும் ஸ்லைடரால் போக்க முயன்றால் எழுத்தின் பள்ளமும் சேர்ந்து மங்கும். நான்கு மூலையும் ஏறக்குறைய சமமாக இருண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூலை அடியோடு கறுத்திருந்தால் லென்ஸ் ஹுட்டைக் கழற்றிவிட்டு மறுபடி எடுப்பதே வழி. அளவுக்கு மீறி வெளுக்க வைத்தால் மூலைகளில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும்.

செய்த மாற்றங்கள் தனியே ஒரு பிபி3 பைலில் பதிவாகும். ஒரிஜினல் ரா பைல் அப்படியே இருக்கும். இரண்டையும் ஒரே போல்டரில் வைத்து பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.