டெர்மா ரோலர் வாங்கும் முன்

அன்புத் தம்பி கதிருக்கு,

நெற்றி ஏறுகிறது, டெர்மா ரோலர் என்ற ஊசி உருளை வாங்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் வயதில் இது சின்னக் கவலை இல்லை. ஆனால் முதலில் தோல் மருத்துவரைப் பார். காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொட்டினால், பெரும்பாலும் தானே முளைத்துவிடும். வட்டத் திட்டாக விழுந்தால் புழுவெட்டு. அதற்கு வைத்தியம் வேறு. நெற்றியோரமும் உச்சியும் மெலிந்துகொண்டே போகும் பரம்பரை வழுக்கைக்குத்தான் இந்த ஊசி முறையை அதிகம் சோதித்திருக்கிறார்கள்.

2013இல் மும்பை மருத்துவர் ரச்சிதா துரத் தம் குழுவினருடன் 100 ஆண்களிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. எல்லாருக்கும் தினம் இருவேளை 5 சதவீத மினாக்சிடில் என்ற தடவும் மருந்து. பாதிப் பேருக்கு மட்டும் கூடவே வாரம் ஒருமுறை 1.5 மி.மீ. ஊசி உருளை. 12 வாரம் கழித்து எண்ணியபோது, ஊசியும் சேர்ந்தவர்களுக்குக் குறித்த இடத்தில் சராசரியாக 91 முடி கூடியிருந்தது, மற்றவர்களுக்கு 22. நுண்காயம் ஆறும்போது சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள் சோர்ந்த முடிவேரைத் தூண்டுகின்றன என்பது விளக்கம். வேரே அழிந்து பளபளக்கும் இடத்தில் இதை நம்பாதே.

அந்த ஆய்வில் ஊசி மட்டும் வேலை செய்யவில்லை, மருந்தும் சேர்ந்தது. உருட்டியதும் மருத்துவர்கள். 1.5 மி.மீ. ஆழத்தை வீட்டில் நீயாகத் தொடாதே. மருத்துவர் சரி என்றால் 0.5 மி.மீ.க்குள் நிறுத்து. தலையை அலசி உலர்த்து. உருளையை உருட்டும் முன்னும் உருட்டிய பின்னும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவை. திசை மாற்றும்போது தூக்கி வை; தோலில் வைத்தபடி திருப்பினால் கீறும். லேசாகச் சிவந்தால் போதும், ரத்தம் வரும்வரை அழுத்தாதே. ஊசி வளைந்தால் தூக்கிப் போடு. உன் அண்ணன் கேட்டாலும் கொடுக்காதே. ரத்தத்தால் மஞ்சள் காமாலைக் கிருமிகூடப் பரவும்.

உருட்டிய அன்று மினாக்சிடில் வேண்டாம். துளைவழி மருந்து ரத்தத்தில் அதிகம் கலந்தால் படபடப்பும் தலைசுற்றலும் வரும். மும்பையிலும் 24 மணி நேரம் கழித்தே தடவ வைத்தார்கள். எண்ணெய், வெங்காயச் சாறு எதுவும் அந்தத் தோலில் படக்கூடாது. தலையில் பரு, பூஞ்சை, சொரியாசிஸ் இருந்தாலோ, தழும்பு தடிக்கும் உடம்பானாலோ இதைத் தொடாதே.

மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரம் கொட்டல் கூடலாம். பயந்து நிறுத்திவிடாதே. மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வை; ஆறு மாதம் கழித்து அவற்றோடு மருத்துவரைப் பார்.

அன்புடன்,
அக்கா