'அவ' என்ற இரண்டெழுத்து

எங்கள் பாட்டியிடம் ஒரு தங்கச் சங்கிலி இருக்கிறது. அதைப் பாட்டி அணிந்து நான் பார்த்ததில்லை. அவருடைய தாயார், அதாவது என் பூட்டி, அணிந்து பாட்டியும் பார்த்ததில்லை. தீபாவளிக்கு முன் அலமாரியைத் துடைக்கும்போது வெளியே வரும். மீண்டும் சிவப்புத் துணிக்குள் போய்விடும். அதன் கொக்கியை ஒட்டிய சிறு தகட்டின் பின்புறம் பொறிக்கப்பட்டிருந்த இரண்டு எழுத்துகளே இதற்குக் காரணம். அவை 'அவ'.

பூட்டன் சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். 1951ஆம் ஆண்டில் திடீரென்று காலமானார். காரியங்கள் முடிந்து கடையின் இரும்புப் பெட்டியைத் திறந்தபோது இந்தச் சங்கிலி கிடைத்திருக்கிறது. பூட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உடனிருந்த உறவினர் ஒருவர் தகட்டைத் திருப்பிப் பார்த்து, "அவன்னு போட்டிருக்கு" என்றாராம். எவ என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அன்று முதல் எங்கள் குடும்பத்தில் குடியேறிவிட்டது. கடை நொடித்து, தாலிக்கொடி வரை அடகுக்குப் போன காலத்திலும் பூட்டி இதை மட்டும் தொடவில்லை. "எவளோ ஒருத்தி நகையை வித்துத் திங்கணுமா?" என்பாராம்.

சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் பாட்டியிடம் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கையில் வாங்கினேன். முதலில் என் கண் போனது அந்த எழுத்துகளின் மேல் அன்று. சங்கிலியில் பதக்கமாகத் தொங்கிய பவுன் காசின் மேல்.

பழைய நகையைப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு சொல்: புளியோ பற்பசையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மெல்லிய கீறல்கள் அதோடு போய்விடும். இருட்டறையில் கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் நிழல் விழுந்து தெரியும். அப்படியே கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

காசின் ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் குதிரை மேலிருந்து டிராகனைக் குத்தும் புனித ஜார்ஜ். ஆண்டு 1918. மன்னரின் கழுத்து முடியும் இடத்தில் 'பி.எம்.' என்றும், குதிரையின் கீழே வலப்பக்கம் 'பி.பி.' என்றும் பொடி ஆங்கில எழுத்துகள். இவற்றை அடகுக் கடைக்காரரின் அடையாளம் என்று மாமா ஒருவர் உறுதியாகச் சொல்லி வந்தார். உண்மையில் அவை சிற்பிகளின் பெயரெழுத்துகள். தலையை வடித்தவர் பெர்ட்ரம் மெக்கன்னல்; குதிரை வீரனை வடித்தவர் பெனடெட்டோ பிஸ்ட்ரூச்சி. ஆண்டுக்கு நேர் மேலே, தரைக்கோட்டில் ஒரு சின்னக் கோடுபோல் நின்றது ஆங்கில 'ஐ'. அது இந்தியாவைக் குறிக்கும். பம்பாயில் இயங்கிய அரச நாணயச் சாலையின் கிளை 1918ஆம் ஆண்டில் மட்டுமே இத்தகைய பவுன்களை அடித்தது. சிட்னி காசில் 'எஸ்', மெல்பர்னில் 'எம்', பெர்த்தில் 'பி' இருக்கும். சவரன் காசுக்குப் போலிகளும் ஏராளம் என்பதால் எழுத்தை மட்டும் வைத்துக் காசை நம்பிவிடக் கூடாது.

நாம் இன்று தங்கத்தை அளக்கும் 'பவுன்' என்ற சொல் வந்ததும் இந்த ஒரு பவுண்டு காசிலிருந்துதான். அதன் எடை 7.988 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு தங்கம், அதாவது 22 காரட். இங்கே நகைக் கடைகளில் '916' என்று முத்திரையிடுகிறார்களே, அது அந்தப் பங்கையே ஆயிரத்துக்குக் கணக்கிட்ட எண்.

காசு இவ்வளவு பேசியது. ஆனால் 'அவ' வாய் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர் எவருக்கும் கிடையாது. பொற்கொல்லரின் பெயரோ, ஊர்ப் பெயரோ என்று இரண்டு வாரம் வீணாக அலைந்தேன்.

விடை கிடைத்தது நகைக் கடையில் அன்று, தமிழ் வகுப்பில். தனிப்பாடல்களைப் பற்றிய பாடம். கம்பரை ஔவையார் ஏசியதாக வழங்கும் பாட்டில், ஏச்சின் முதல் இரண்டு எழுத்துகள் எண்ணாக மறைந்திருக்கும். எட்டு என்பதன் தமிழ் வடிவம் 'அ'. கால் என்பதன் வடிவம் 'வ'. பள்ளியிலேயே கேட்ட செய்திதான். அன்று விரிவுரையாளர் வெண்பலகையில் இரண்டையும் சேர்த்து எழுதியபோது எனக்கு உடல் சிலிர்த்தது. எட்டேகால்!

தமிழ் எண்களில் பல, எழுத்தின் உருவத்திலேயே இருப்பவை. ஒன்று 'க', இரண்டு 'உ', நான்கு 'ச', ஏழு 'எ', எட்டு 'அ', பத்து 'ய'. பின்னங்களுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. பூட்டன் காலத்துக் கடைக்காரர்களுக்குப் பேரேட்டில் இவை அன்றாடப் புழக்கம். நமக்கோ பழைய பின்னக் குறி பலவற்றைக் கணினியில் தட்டவே 2019ஆம் ஆண்டில் யூனிகோடில் சேரும்வரை வழியில்லை. மொரிசியசுக்காரர்கள் பணத்தாளிலேயே தமிழ் எண்ணைப் பார்க்கிறார்கள். நாம்?

நகையைக் குறித்தால் எடையோடு குறிப்பதும் நம்மிடம் நெடுநாள் வழக்கம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், முதலாம் இராசராசன் கொடுத்த பொன்கள் 'ஆடவல்லான்' என்ற எடைக்கல்லால் நிறுக்கப்பட்டுக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கணக்காகப் பதிவாகியுள்ளன.

ஆனாலும், படித்துவிட்டேன் என்பதாலேயே அது சரியாகிவிடாது. 'அவ' என்பதற்குக் குடும்பம் கொடுத்த பொருளும் ஒரு வாசிப்புதானே? அதனால் நிறுப்பதற்கு முன்பே கணக்குப் போட்டுத் தாளில் எழுதினேன். எட்டேகாலை 7.988ஆல் பெருக்கினால் 65.9 கிராம். நகைக் கடையில் தராசின் மேல் வைத்தபோது, காசோடு சேர்த்து 65.8 காட்டியது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் யார் கழுத்திலும் உரசாத சங்கிலி. தேய வாய்ப்பு எங்கே?

வீட்டுக்கு வந்து பாட்டியின் அருகே உட்கார்ந்து, 'அ'வையும் 'வ'வையும் பெரிதாக எழுதிக் காட்டி விளக்கினேன். பாட்டிக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஆறாம் வகுப்பு வரை போனவர். தாளையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இது எடையா?"

"ஆமா பாட்டி. எட்டேகால் பவுன்."

வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அப்பா இறந்த வருடம் தமக்குப் பதின்மூன்று வயது என்றும், வீட்டில் மூத்த பெண் தாம்தான் என்றும் சொன்னார். பெரிய மகளுக்கென்று அவர் சேர்த்து வைத்ததாக இருக்கலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பாட்டி அதற்குள் சங்கிலியைத் துணியில் சுற்றாமல் மடியில் வைத்துக்கொண்டு, "எங்கம்மா இதைப் போட்டிருக்கலாம்டா" என்றார்.