சர்க்கரைக்காகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

“ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில காட்டிடுங்க” என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கம் வராது. கிட்னி போய்விட்டதோ, காலில் கை வைப்பார்களோ, ஊசிதான் என்று சொல்லிவிடுவார்களோ என்று மனம் சுற்றிச் சுற்றி வரும். இன்னொரு பயமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “ஒழுங்கா மாத்திரை போட்டீங்களா?” என்று எல்லார் முன்னாலும் திட்டு விழுமே என்கிற பயம். சீட்டை மடித்துப் பையில் வைத்தவர்கள் மாதக்கணக்கில் கிளம்பாமல் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சர்க்கரை வந்தது குற்றமல்ல. 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அன்றைக்கு வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்கிறவர்களுக்கும் அதே கவலைதான்.

ஏன் அனுப்புகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்

சீட்டு கொடுத்த டாக்டரிடமோ நர்ஸிடமோ ஒரே கேள்வி கேளுங்கள்: “எதுக்காக அனுப்புறீங்க?” மாத்திரைக்குக் கேட்காத சர்க்கரை, ஆறாத புண், சிறுநீரில் புரதம், கண் பரிசோதனை என்று காரணம் பலவாக இருக்கலாம். அதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். காரணம் தெரியாதபோதுதான் மனம் ஆகக் கெட்டதைக் கற்பனை செய்துகொள்கிறது.

எங்கே போவது

விழுப்புரம் மாவட்டத்து வல்லம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் திண்டிவனம்தான் வழி. அங்கேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் போக வேண்டுமென்றால் இரண்டு இடங்கள். ஒன்று, விக்கிரவாண்டி தாண்டி நெடுஞ்சாலையிலேயே இருக்கும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2010-ல் வந்தது. இன்னொன்று புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர். அங்கே சர்க்கரை, தைராய்டு போன்றவற்றுக்கென்றே தனித்துறை உண்டு. எங்கே போனாலும் விடியற்காலையிலேயே கிளம்புங்கள், ஓ.பி. சீட்டு காலையில்தான் போடுவார்கள். சிறப்புப் பிரிவு எந்தக் கிழமை என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முந்தின வாரம்: ஒரு பக்கம் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பெரிய டாக்டர் உங்களோடு பேசப் போவது சில நிமிடம்தான். பதற்றத்தில் பாதி மறந்துபோகும். அதனால் ஒரு நோட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள்.

சர்க்கரை எந்த வருடம் தெரிந்தது, இப்போது என்ன மாத்திரை, எத்தனை வேளை என்று எழுதுங்கள். வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது என்பதையும் உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சிறுகுறிஞ்சான் பொடி, ஆவாரம்பூக் கஷாயம், யாரோ கொடுத்த லேகியம் எதையும் விடாதீர்கள். காலையில் கூழா, இட்லியா? களை எடுக்கப் போனால் மதியம் எத்தனை மணிக்குச் சாப்பாடு? இடையில் மல்லாட்டை, டீ, முறுக்கு? பீடி, சாராயம் இருந்தால் அதுவும். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததா என்பதையும் சேருங்கள்.

மறைத்தால் உங்களுக்குத்தான் கேடு. மாத்திரையை வாரத்தில் மூன்று நாள் விடுகிறவர் “தினமும் போடுறேன்” என்று சொன்னால், மருந்து போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். கூட்டிய மாத்திரையை ஒழுங்காகப் போடத் தொடங்கும் நாளில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம்.

கிளம்புவதற்கு முன் நாலு நாள் வாயைக் கட்டிச் சர்க்கரையைக் குறைத்துக் காட்டலாம் என்றும் நினைக்காதீர்கள். எச்பிஏ1சி என்ற ‘மூணு மாச சர்க்கரை’ பரிசோதனை, ரத்தச் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளக்கிறது. அந்த அணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்கின்றன. நாலு நாள் பட்டினி அதில் பெரிதாகத் தெரியாது. 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய். சிகிச்சையில் பலருக்கும் 7-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். ரத்தசோகை இருந்தால் இந்தக் கணக்கு மாறக்கூடும் என்பதால் பெண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அன்று காலை

வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பதென்றால் 8 மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். டீ, பால் கூடாது. ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் அன்று காலை அதை என்ன செய்வது என்று முதல் நாளே உங்கள் டாக்டரைக் கேளுங்கள். மருந்தைப் போட்டுவிட்டுப் பட்டினியாக வரிசையில் நிற்பது ஆபத்து.

பையில் பழைய ரிப்போர்ட்டுகள், மாத்திரை அட்டைகள், ஆதார், காப்பீட்டு அட்டை, ரத்தம் கொடுத்ததும் சாப்பிட டிபன், கொஞ்சம் சர்க்கரை. வேர்த்து, கை நடுங்கி, கண் இருட்டினால் மூன்று ஸ்பூன் சர்க்கரையை உடனே வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்ட முடியாது.

டாக்டர் முன்னால்

தாளை நீட்டிவிடுங்கள். செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வலிக்காது. பயத்தில் ரத்த அழுத்தம் ஏறிக் காட்டும். அளப்பதற்கு முன் அஞ்சு நிமிடம் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொள்ளுங்கள். எழுந்து வருமுன் கேட்க வேண்டியவை: என் கண், கிட்னி, கால் எப்படி இருக்கிறது? எந்த மாத்திரை புதுசு, எது நிறுத்தம்? அடுத்து எப்போது வரணும்?

திட்டினால்? சிலர் திட்டத்தான் செய்வார்கள். கூட்டத்தின் அலுப்பு அது. “மாத்திரை தீர்ந்துபோச்சு, வேலையை விட்டு வர முடியல” என்று காரணத்தைச் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் வழி சொல்ல முடியும்.

ஊசி என்று சொல்லிவிட்டால்

‘ஊசி போட்டால் கடைசிக் கட்டம்’ என்ற பேச்சு ஊருக்கு ஊர் இருக்கிறது. அது பொய். 1922 ஜனவரி 11-ல் கனடாவின் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இந்த இன்சுலின் ஊசியைப் போட்டார்கள். அதற்கு முன் அவனுக்கு இருந்த வகைச் சர்க்கரை வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. வருடங்கள் போகப் போகக் கணையம் இன்சுலின் சுரப்பது குறையும், குறைந்ததை வெளியிலிருந்து கொடுக்கிறார்கள், அவ்வளவே. புண், அறுவை சிகிச்சை, கர்ப்பம் போன்ற சமயங்களில் கொஞ்ச காலம் மட்டும் போட்டு நிறுத்துவதும் உண்டு. எங்கே, எப்படிக் குத்துவது, வீட்டில் எப்படி வைப்பது என்பதை நர்ஸைச் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர் எதிரிலேயே ஒரு தடவை நீங்களும் போட்டுப் பாருங்கள்.

திரும்பி வந்த பிறகு

புதுச் சீட்டை உள்ளூர் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை மாறியதை, வீட்டுக்குக் கொண்டுவரும் பெண் பணியாளரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பழைய மாத்திரையே வந்துகொண்டிருக்கும்.