முதலீடும் வேலைப் பாதுகாப்பும்

ஒரு நிறுவனம் புதிய தொழிற்சாலையைத் தொடங்க விரும்புகிறது. கட்டடத்திற்கும் இயந்திரங்களுக்கும் பெருந்தொகை செலவிட வேண்டும். போட்ட முதல் திரும்பி வரவே பல ஆண்டுகள் ஆகலாம். எனவே, “இங்கு உற்பத்தி தடையின்றி நடக்குமா?” என்று முதலாளி கேட்கிறார். அங்கு வேலைக்குச் சேரும் தொழிலாளியோ, “நாளையும் எனக்கு இந்த வேலை இருக்குமா?” என்று கேட்கிறார். இவ்விரண்டு கேள்விகளுக்கும் நடுவில் நிற்பது தொழிற்சங்கம். அதன் பணி எவ்வளவு கடினமானது என்பதைச் சிங்கப்பூரின் வரலாறு காட்டுகிறது.

1950களில் சிங்கப்பூரில் தொழிலாளர் பலர் குறைந்த சம்பளத்திற்கு நீண்ட நேரம் உழைத்தனர். தங்கள் குறைகளை முதலாளிகள் செவிமடுக்காதபோது வேலைநிறுத்தமே அவர்களுடைய ஆயுதமாக இருந்தது. 1955ஆம் ஆண்டில் மட்டும் 200க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்தன. அவ்வாண்டு மே மாதம், ஹாக் லீ பேருந்து ஊழியர்களின் போராட்டம் கலவரமாக மாறியது. அதில் நால்வர் உயிரிழந்தனர்.

1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. ஜூரோங்கில் தொழிற்பேட்டை உருவானது. எனினும், வேலையில்லாதோர் பலர் இருந்தனர். 1968ஆம் ஆண்டு ஜனவரியில், 1971க்குள் தன் படைகளை மீட்டுக்கொள்ளப்போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. படைத்தளங்களை நம்பி வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் கலங்கின.

அதே ஆண்டில் நாடாளுமன்றம் இரு முக்கியச் சட்டங்களை நிறைவேற்றியது. வேலை நியமனச் சட்டம் வாரத்திற்கு 44 மணி நேர வேலை, ஓய்வு நாள், விடுப்பு ஆகியவற்றை வரையறுத்தது. திருத்தப்பட்ட தொழில் உறவுச் சட்டமோ, ஆள்சேர்ப்பு, பதவி உயர்வு, ஆட்குறைப்பு போன்றவற்றை நிர்வாகத்தின் முடிவுக்கு விட்டது. அவற்றைப் பற்றிச் சங்கங்கள் பேரம் பேச முடியாமற்போனது. தொழிலாளர்கள் இழந்தது சிறிதன்று.

அதன்பின் நேஷனல் செமிகண்டக்டர், டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இங்குத் தொழிற்சாலைகளை அமைத்தன. துறைமுக வசதி, வரிச்சலுகை, குறைந்த உற்பத்திச் செலவு ஆகியவையும் அவற்றை ஈர்த்தன. ஆயினும், தொழில் அமைதியும் ஒரு முக்கியக் காரணமாகும். வேலைகள் பெருகின.

அப்படியானால் சங்கத்திற்கு இனி என்ன வேலை? இக்கேள்விக்கு விடை காண, தேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் 1969ஆம் ஆண்டு நவம்பரில் கருத்தரங்கு ஒன்றை நடத்தியது. மோதலைவிட ஒத்துழைப்பே தொழிலாளர்களுக்கு நன்மை தரும் என்று அங்கு முடிவு செய்யப்பட்டது. தொடர்ந்து காப்புறுதி, பேரங்காடி முதலிய கூட்டுறவு அமைப்புகளைச் சங்கம் தொடங்கியது. 1972இல் தேசியச் சம்பள மன்றம் அமைந்தது. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பினரும் ஆண்டுதோறும் கூடிப் பேசிச் சம்பளப் பரிந்துரைகளை வெளியிடத் தொடங்கினர்.

இந்த உறவுக்கு 1985இல் சோதனை வந்தது. பொருளியல் சரிந்தது, பலர் வேலை இழந்தனர். நிறுவனங்களின் செலவைக் குறைக்க, மத்திய சேம நிதிக்கு முதலாளிகள் செலுத்தும் பங்கு 1986இல் 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தொழிலாளர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பைப் பாதிக்கும் இம்முடிவைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. பொருளியல் மீண்டது. பின்னர் அப்பங்கு உயர்த்தப்பட்டபோதிலும், பழைய 25 விழுக்காட்டை அது மீண்டும் எட்டவில்லை.

ஒத்துழைப்பு என்பது எப்போதும் விட்டுக்கொடுப்பதுதானா? அதே 1986ஆம் ஆண்டு ஜனவரியில், ஹைட்ரில் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர்கள் 61 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். தொழிற்சங்கத்தினர் நியாயமாக நடத்தப்படவில்லை என்பது அவர்களின் குறை. அப்போது தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளராகவும் அமைச்சராகவும் இருந்தவர் ஓங் டெங் சியோங். அமைச்சரவையிடம் முன்கூட்டியே சொல்லாமல் அவ்வேலைநிறுத்தத்திற்கு அனுமதி அளித்ததாகப் பின்னாளில் அவரே கூறினார். முதலீட்டாளர்கள் அஞ்சுவார்களே என்று சிலர் கவலைப்பட்டனர். ஆனால், இரண்டே நாள்களில் சிக்கல் தீர்ந்தது.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது. முதலீடு இல்லாத இடத்தில் வேலை இல்லை. வேலைப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் தொழிலாளியின் மனம் வேலையில் ஊன்றாது. ஆகவே, எப்போது விட்டுக்கொடுப்பது, எப்போது உறுதியாக நிற்பது என்பதை அறிந்த சங்கமே இரு தரப்பினரின் நம்பிக்கையையும் பெற முடியும்.

சிந்தித்துக் கூறுக

1. 1968ஆம் ஆண்டுச் சட்டங்களால் தொழிலாளர்கள் பெற்றவை எவை? இழந்தவை எவை?
2. 1986இல் சங்கம் ஒருமுறை விட்டுக்கொடுத்தது. ஒருமுறை எதிர்த்து நின்றது. இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவையா? உமது கருத்தைக் காரணத்துடன் விளக்குக.